பழ ஈயின் விந்தணு வால்: மரபணு எழுதப்படும் நேரமும் பயன்படும் நேரமும் (கல்லூரி ஆய்வகச் செய்முறை)

விந்தணு வால் உருவாவதைப் படிக்க வரும் முதுகலை மாணவர்கள் பலர் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். வால் நீள்கிற செல்லில்தான் வாலுக்கான மரபணுக்கள் படியெடுக்கப்படும் (ஆர்.என்.ஏ.வாக எழுதப்படும்) என்று நினைத்து, தேடவேண்டியதை அந்தச் செல்லிலேயே தேடுகிறார்கள். பழ ஈயில் அங்கே தேடினால் ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது. வாலுக்கான தூது ஆர்.என்.ஏ.வில் பெரும்பகுதி, மியாசிஸ் (குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் பிளவு) நடப்பதற்கும் முன்னால், விந்தணுவின் தாய்ச் செல்லான முதன்மை ஸ்பெர்மட்டோசைட்டிலேயே எழுதி முடிக்கப்பட்டுவிடும். கோடையில் வற்றல் போட்டு வைத்து ஐப்பசி மழையில் எடுத்துப் பொரிப்பது மாதிரிதான்: எழுதுவது ஒரு நாள், புரதமாக்குவது இரண்டு மூன்று நாள் கழித்து. இந்த இடைவெளியைக் கண்ணாலும், டி.என்.ஏ.வைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். கருவியாலும் பார்ப்பதற்கான வழிமுறை இது. புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஆய்வகங்களில் இருக்கும் வசதியை மனதில் வைத்து எழுதப்பட்டது.

எலியை விட்டு ஈயை எடுப்பதற்குக் காரணம் உண்டு. எலியென்றால் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். ஈக்கு அது தேவைப்படுவதில்லை. அதைவிட முக்கியம், டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர் ஈயின் விந்தணு சுமார் 1.8 மில்லிமீட்டர் நீளம். ஈயின் உடலே இரண்டரை மில்லிமீட்டருக்குள்தான். மனித விந்தணுவோ 0.06 மில்லிமீட்டரைத் தாண்டாது. இத்தனை நீள வாலைக் கட்டுவதில் எங்கே பிசகினாலும் சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரிந்துவிடும். ஸ்டெம் செல்லில் தொடங்கி முதிர்ந்த விந்தணு வரை எல்லா நிலைகளும் விந்தகம் என்ற ஒரே குழாய்க்குள் வரிசையாக இருப்பதும் பெரிய வசதி.

ஈயும் வெப்பமும்

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டின் வாழைப்பழக் கழிவிலும், திருப்பாதிரிப்புலியூர்ப் பழக்கடைகளிலும், பண்ருட்டிப் பலா இறங்கும் மாதங்களில் எங்கு பார்த்தாலும் பொடி ஈ மொய்க்கும். கனிந்து கறுத்த பூவன் பழத்தில் ஒரு சிட்டிகை ஈஸ்ட் தூவி, வாயில் காகிதக் கூம்பு வைத்த பாட்டிலுக்குள் போட்டு, காலையும் மாலையும் நிழலில் வைத்தால் போதும். ஆனால் பிடிபடுவதெல்லாம் மெலனோகாஸ்டர் அல்ல. அதன் உறவு இனங்களான அனனாசே, பைபெக்டினேட்டா, மாலர்கோட்லியானா எல்லாம் சேர்ந்தே வரும். தலையிலும் மார்பிலும் வெள்ளிக்கோடு போட்ட சாப்ரியோனஸ் இண்டியானஸும் வரும். மெலனோகாஸ்டர் ஆணுக்கு வயிற்று நுனி கறுத்திருக்கும் என்று பாடநூல் சொல்லும். மாலர்கோட்லியானா ஆணுக்கும் நுனி கறுப்புத்தான். ஆகவே முன்னங்காலைப் பாருங்கள்: மெலனோகாஸ்டரில் சீப்புப் பற்கள் பாதத்தின் முதல் கணுவில் மட்டும் ஒரே வரிசையாக இருக்கும். பல வரிசை தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள். பிடித்த ஈ வடிவத்தைப் பார்த்துப் பழகுவதற்குப் போதும். மரபணு ஒப்பீட்டுக்கு மட்டும் பெங்களூரு போன்ற இடங்களிலுள்ள ஈ சேகரிப்பு மையங்களில் வம்சாவளி தெரிந்த வரிசைகளைக் கேட்டு வாங்குங்கள்.

உணவுக்கு நம் ஊர்ச் சரக்கே போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ரவை 100 கிராம், வெல்லம் 100 கிராம், அகர் 10 கிராம். கட்டி தட்டாமல் காய்ச்சி இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் புரோப்பியோனிக் அமிலம் 7.5 மில்லிலிட்டர் கலந்து குப்பிகளில் ஊற்றுங்கள். கொதிக்கும்போதே அமிலத்தை ஊற்றினால் ஆவியாகிப் போய், நான்காம் நாள் பூஞ்சை பிடிக்கும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கடற்கரைக் காற்றின் ஈரத்தால் குப்பிச் சுவரில் தண்ணீர் கோத்துக்கொண்டு ஈ ஒட்டிச் சாகும். ஊற்றிய குப்பிகளை மஸ்லின் துணியால் மூடி ஓர் இரவு உலரவிட்ட பிறகே பஞ்சு அடையுங்கள்.

வெப்பத்தில் அலட்சியம் கூடாது. இந்தச் செய்முறை தோற்கும் பெரும்பாலான இடங்களில் காரணம் இதுதான். ஈயின் விந்தணு உருவாக்கத்துக்கு 25 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்த வெப்பத்தில் தொடக்கம் முதல் முடிவு வரை சுமார் 10 நாள் ஆகும். வளர்ச்சிக் காலம் 30 டிகிரியை ஒட்டிப் போய்விட்டால் ஆண் ஈக்கள் மலடாகிவிடும். வால் நீளும் நிலையிலேயே விந்தணுக் கற்றைகள் குலையத் தொடங்கும். சித்திரை, வைகாசியில் கடலூரில் பகல் வெப்பம் 35-ஐத் தாண்டும்போது வளர்ப்பறை மேசைமேல் வைத்த குப்பியிலிருந்து எடுத்த ஈயில் வால் கோளாறைப் பார்த்துவிட்டு, அதை மரபணுப் பிழை என்று எழுதினால் அந்த முடிவுக்கு மதிப்பில்லை. குளிர்ப்பெட்டி வசதியில்லாத துறைகள் இதைக் கார்த்திகை முதல் மாசி வரைக்குள் வைத்துக்கொள்வது நல்லது. அப்போதும் உச்ச, தாழ் வெப்பமானி ஒன்றைக் குப்பிகளின் நடுவில் வைத்துத் தினமும் குறித்துவாருங்கள்.

விந்தகத்தை எடுத்துப் பரப்புவது

முதலில் கரைசல். பொட்டாசியம் குளோரைடு 183 மில்லிமோலார், சோடியம் குளோரைடு 47 மில்லிமோலார், டிரிஸ் 10 மில்லிமோலார், பி.எச். 6.8. நூறு மில்லிலிட்டருக்குப் பொட்டாசியம் குளோரைடு 1.364 கிராம், சோடியம் குளோரைடு 0.275 கிராம், டிரிஸ் காரம் 0.121 கிராம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பி.எச்.சைச் சரிசெய்த பிறகே கடைசி அளவுக்குத் தண்ணீர் சேருங்கள். பொட்டாசியம் கூடுதலாகவும் சோடியம் குறைவாகவும் இருப்பதைப் பார்த்து மாற்றி எழுதிவிட்டார்கள் என்று எண்ணி அளவைத் திருப்பிப் போட வேண்டாம். வெறும் தண்ணீரில் பரப்பினால் செல்கள் உப்பி வெடித்துவிடும்.

கூட்டிலிருந்து வெளிவந்து ஒரு நாள் ஆகாத ஆணை எடுங்கள். அதில் ஸ்பெர்மட்டோசைட்டும், மியாசிஸ் முடிந்து வால் நீளும் ஸ்பெர்மாடிட்டும் நிறைந்திருக்கும். துள்ளும் விந்தணுவைப் பார்க்கவேண்டும் என்றால் மட்டும், பெண்ணோடு சேராமல் 3 முதல் 5 நாள் தனியே வைத்த ஆண் வேண்டும். அப்போதுதான் விந்துப் பை நிரம்பியிருக்கும்.

குப்பியை ஐஸில் ஐந்து நிமிடம் வைத்து ஈயை மயக்குங்கள். குழித்தட்டில் கரைசல் விட்டு, ஐந்தாம் எண் இடுக்கி ஒன்றால் மார்பைப் பிடித்து, இன்னொன்றால் பின்நுனியைப் பற்றி ஒரே சீராக இழுத்தால் இனப்பெருக்க உறுப்புகள் கொத்தாக வெளிவரும். அதில் மஞ்சளாகச் சுருண்டிருக்கும் இரண்டு குழாய்கள்தான் விந்தகங்கள். பக்கத்தில் வெள்ளையாகத் தெரிவது துணைச்சுரப்பி, அதை வெட்டி எறியுங்கள். வெள்ளைக் கண் வரிசை ஈயில் விந்தகத்துக்கு மஞ்சள் நிறம் இருக்காது என்பதால், பழகும் வரை சிவப்புக் கண் ஈயையே எடுங்கள்.

கண்ணாடித் தகட்டில் 8 முதல் 10 மைக்ரோலிட்டர் கரைசலில் ஒரு விந்தகத்தை வைத்து, சுருளின் நடுப்பகுதியில் ஊசியால் ஒரு கீறல் போட்டு, மூடுதகடு வையுங்கள். விரலால் அழுத்தவே கூடாது. வடிகட்டித் தாளின் முனையை ஓரத்தில் வைத்துக் கரைசலை உறிஞ்சவிட்டு, பத்து மடங்குப் பெருக்கத்தில் பார்த்துக்கொண்டே இருங்கள். செல்கள் ஒற்றை அடுக்காகப் பரவி, சற்றே தட்டையாகும் கணத்தில் தாளை எடுத்துவிடுங்கள். அரை நொடி தாமதித்தாலும் ஸ்பெர்மட்டோசைட்டுகள் உடைந்து கரு மட்டும் மிதக்கும். பரப்பியபின் கால் மணி நேரம்தான் நம்பகமாகப் பார்க்கலாம். கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கி இருந்தால் மிகவும் நல்லது. இல்லாவிட்டால் ஒளிக்குவிப்பானின் துளையை நன்றாகக் குறுக்கினால் ஓரளவு தெரியும்.

எந்த நிலையில் என்ன நடக்கிறது

குழாயின் மூடிய நுனியில் ஸ்டெம் செல்கள் இருக்கும். அதிலிருந்து பிரியும் ஒரு செல் நான்கு முறை மைட்டாசிஸ் (சாதாரணச் செல் பிளவு) முடித்து 16 ஆகிறது. உடலச் செல்கள் இரண்டு அதைச் சுற்றி உறைபோட்டுக்கொள்கின்றன. இந்த 16-உம் முதன்மை ஸ்பெர்மட்டோசைட்டுகளாகி சுமார் மூன்றரை நாள் பருத்துக்கொண்டே இருக்கும். கன அளவு 25 மடங்கு கூடும். வெளிறிய பெரிய கரு, அதற்குள் கறுத்த கருக்குமிழ் என்று இவற்றை எளிதில் கண்டுபிடிக்கலாம்.

இங்கேதான் நீண்ட நேரம் நின்று பார்க்கவேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட விந்தகத் தனி மரபணுக்கள் இந்த நாள்களில்தான் திறக்கின்றன. திறப்பவை இரண்டு குழுக்கள். ஒன்று, ஆல்வேஸ் ஏர்லி, குக்கி மான்ஸ்டர், டோம்போலா முதலியவை சேர்ந்த டி-மேக் என்ற புரதக் கூட்டமைப்பு. மற்றது, கேனன்பால், நோ ஹிட்டர் போன்ற விந்தகத்துக்கே உரிய டாஃப் புரதங்கள். எல்லாச் செல்லிலும் படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் டாஃப் புரதங்களின் உறவினர்கள் இவை. இந்த இரு குழுவில் எதில் ஒன்று பழுதானாலும் விந்தகம் முழுக்க முதன்மை ஸ்பெர்மட்டோசைட்டாகவே நிரம்பி நின்றுவிடும். வாலும் இராது, மியாசிஸும் இராது. பரப்பிய தகட்டில் பெரிய செல்கள் மட்டுமே தெரிந்து, கீழ்ப்பகுதியில் அழுகிய எச்சம் கிடந்தால் முதலில் சந்தேகிக்கவேண்டியது இந்த மரபணுக்களைத்தான்.

அதே ஸ்பெர்மட்டோசைட்டின் கருவுக்குள் மெல்லிய நூல் போன்ற வளையங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். அவை ஒய் குரோமோசோமின் வளையங்கள், படியெடுப்பு நடக்கும்போதே கண்ணில் படும் மரபணுக்கள். ஒய்-யில் உள்ள கேஎல்-3, கேஎல்-5 இரண்டும் வாலை அசைக்கும் இயக்கப் புரதமான டைனினின் வெளிப்புறக் கையை உண்டாக்கும் கனமான சங்கிலிகளுக்கான மரபணுக்கள். கேஎல்-3 புரதத்துக்கான பகுதி சுமார் 14 ஆயிரம் எழுத்து (டி.என்.ஏ. காரம்) தான். இடையிலுள்ள, புரதமாகாமல் வெட்டி நீக்கப்படும் இன்ட்ரான்களோடு சேர்த்து மரபணுவின் நீளம் நாற்பது லட்சம் எழுத்தைத் தாண்டும். அதை ஒரு முறை எழுதி முடிக்கவே ஸ்பெர்மட்டோசைட் காலத்தின் பெரும்பகுதி போய்விடும். எழுதி முடிந்த தூது ஆர்.என்.ஏ. சைட்டோபிளாசத்தில் துகள்களாகச் சேர்ந்து, மியாசிஸின்போது பங்கிடப்பட்டு, பின்னர் நீளும் ஸ்பெர்மாடிட்டின் வால் முனைக்குப் போய்ச் சேர்கிறது.

ஒய் இல்லாத ஆணைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். எக்ஸ்-உம் ஒய்-உம் ஒன்றாக இணைந்த குரோமோசோம் உள்ள ஆணைச் சாதாரணப் பெண்ணோடு சேர்த்தால், பிறக்கும் மகன்களுக்கு ஒய் இராது. வெளித்தோற்றத்தில் குறையில்லாத இந்த ஆண்கள் மலடு என்பது 1916 முதலே தெரிந்தது. ஆனால் தகட்டைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. இந்த ஈக்களின் ஸ்பெர்மட்டோசைட்டில் ஊசி வடிவிலோ நட்சத்திர வடிவிலோ படிகங்கள் தெரியும். வால் மரபணுக்களுக்கும் அதற்கும் நேர்த் தொடர்பில்லை. ஸ்டெல்லேட் என்ற எக்ஸ் மரபணுவை அடக்கிவைக்கும் பகுதியும் ஒய்-யோடு போய்விட்டதால் வருவது அது. படிகத்தைப் பார்த்தே டைனின் இல்லை என்று முடிவுகட்டுவது அடிக்கடி நேரும் பிழை.

மியாசிஸ் முடிந்ததும் 64 ஸ்பெர்மாடிட்டுகள். மைட்டோகாண்ட்ரியா எல்லாம் ஒன்றாய் இணைந்து கறுத்த உருண்டையாக, அதே அளவு வெளிறிய கருவின் பக்கத்தில் நிற்கும். இதுதான் வெங்காய நிலை. முந்திய படிகள் சரியாக நடந்தனவா என்பதற்கு இதைவிட நல்ல சோதனை இல்லை. ஒரு கருவுக்கு ஓர் உருண்டை, இரண்டும் சம அளவு என்றால் எல்லாம் சரி. பெரிய உருண்டை ஒன்றுக்கு நான்கு கரு இருந்தால் செல் பிளவுபடவில்லை. கருக்கள் சிறிதும் பெரிதுமாக இருந்தால் குரோமோசோம் சரியாகப் பிரியவில்லை.

அடுத்து நீட்சி. 64-உம் ஒரே கற்றையாக, தலைகள் குழாயின் அடிப்பக்கம், வால்கள் மூடிய நுனிப்பக்கம். நம் செல்களில் சிலியாவின் முனைக்குச் சரக்கு கொண்டுபோகும் போக்குவரத்து அமைப்பு ஈயின் விந்தணு வாலுக்குத் தேவையில்லை. ஆக்சோனீமின் (வாலின் நடு எலும்பு போன்ற நுண்குழல் கட்டமைப்பின்) வளரும் பகுதி சைட்டோபிளாசத்திலேயே கிடப்பதால் பொருள் நேரே வந்து ஒட்டிக்கொள்கிறது. இந்த நிலையில் கரு கிட்டத்தட்ட மௌனம். ஆர்.என்.ஏ.வில் சேரும் யூரிடினைக் கதிரியக்கத்தோடு கொடுத்துப் பார்த்த ஒலிவியேரி என்ற பெயருடைய இரு ஆய்வாளர்கள், மியாசிஸுக்குப் பின் ஆர்.என்.ஏ. ஆக்கம் தெரியவில்லை என்று 1965-இலேயே காட்டினார்கள். முழு மௌனமும் அல்ல: 2008-இல், மியாசிஸுக்குப் பிறகும் படியெடுக்கப்படும் 24 மரபணுக்களை இங்கிலாந்துக் குழு ஒன்று கண்டது. அவற்றின் ஆர்.என்.ஏ. வால் முனையில் கிண்ணம் போலவும் வால்நட்சத்திரம் போலவும் சேர்வதால் அப்படியே பெயரும் வைத்தார்கள்.

அப்படியானால் நீளும் செல்லில் கட்டுப்பாடு எங்கே இருக்கிறது? புரதமாக்கும் படியில். எம்எஸ்டி87எஃப் என்ற வால் மரபணுவின் தூது ஆர்.என்.ஏ. மூன்று நாள் சும்மா கிடந்து பிறகுதான் புரதமாகிறது. அதன் முன்பகுதியில், புரதமாகாத இடத்தில் இருக்கும் 12 எழுத்து வரிசை ஒன்றுதான் அந்தத் தாமதத்துக்குக் காரணம். வரிசையை எடுத்துவிட்டால் காலத்துக்கு முன்பே புரதம் வந்துவிடும். வரிசை இருந்தும் இடம் மாறினால் வேலை செய்யாது.

இடைவெளியை அளப்பது

முழு வளர்ந்த விந்தகத்தில் எல்லா நிலையும் கலந்திருப்பதால் அதை மட்டும் வைத்து எதையும் பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றாம் பருவப் புழுவின் பிற்பகுதியை எடுங்கள். அதன் விந்தகத்தில் முதன்மை ஸ்பெர்மட்டோசைட்டைத் தாண்டிய செல் இராது. ஆண் புழுவின் உடலில், பின் மூன்றில் ஒரு பங்கு இடத்தில் கொழுப்புத் திசுவுக்குள் கண்ணாடி போன்ற நீள்வட்டமாக விந்தகம் வெளியிலிருந்தே தெரியும். பெண் புழுவில் அதே இடத்தில் இருப்பது மிகச் சிறியது.

டான் ஜுவான் என்ற வால் மரபணுவோடு பச்சை ஒளிர் புரதத்தை இணைத்த வரிசை கிடைத்தால் சோதனை அழகாக அமையும். புழு விந்தகத்தில் அந்த மரபணுவின் ஆர்.என்.ஏ. பி.சி.ஆரில் வரும், பச்சை ஒளி வராது. வளர்ந்த ஈயின் நீண்ட கற்றைகளில் பச்சை ஒளிரும். ஒரே மரபணு, இரண்டு விடை. ஒளிர்வு நுண்ணோக்கி இல்லாத துறை, புதுச்சேரியின் பெரிய நிறுவனங்களில் ஒன்றில் முன்கூட்டியே நேரம் கேட்டு வைத்துக்கொண்டு ஈயை உயிரோடு கொண்டுபோய் அங்கேயே பிரித்துப் பார்ப்பதே மேல். தகட்டைத் தயாரித்து எடுத்துப்போனால் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே காய்ந்துவிடும்.

ஆர்.என்.ஏ.வுக்கு 25 முதல் 30 ஜோடி விந்தகம் சேருங்கள். பிரித்ததும் ஐஸில் வைத்த டிரைசால் (ஆர்.என்.ஏ. பிரித்தெடுக்கும்) கரைசலுக்குள் போடவேண்டும். மொத்தம் 300 மைக்ரோலிட்டர் டிரைசால் போதும். நன்கு அரைத்து, குளோரோஃபார்ம் 60 மைக்ரோலிட்டர் சேர்த்துக் குலுக்கி, 4 டிகிரியில் 12,000 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றி, மேல் அடுக்கை மட்டும் எடுங்கள். நடுவிலுள்ள வெள்ளைப் படலத்தைத் தொட்டால் டி.என்.ஏ. கூடவே வரும். ஐசோபுரோப்பனால் 150 மைக்ரோலிட்டரில் படியவைக்கும்போது கிளைக்கோஜன் ஒரு மைக்ரோலிட்டர் சேர்க்காவிட்டால் இவ்வளவு சின்ன அளவில் படிவு கண்ணுக்கே தெரியாது. பிறகு 75 விழுக்காடு எத்தனாலில் கழுவுங்கள்.

டி.என்.ஏ.வைச் சிதைக்கும் டி.என்.ஏஸ் நொதி கொடுப்பதைத் தவிர்க்க வேண்டாம். விந்தக மரபணுக்கள் பலவற்றில் இன்ட்ரான் இல்லாததால், கலந்திருக்கும் டி.என்.ஏ.வும் அதே நீளப் பட்டையைக் காட்டும். ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக்கும் தலைகீழ் படியெடுப்பு நொதி சேர்க்காத குழாய் ஒன்றும் ஒவ்வொரு மாதிரிக்கும் கட்டாயம். கேஎல்-3 போன்ற நீளமான ஆர்.என்.ஏ.வுக்கு, அதன் கடைசியிலுள்ள ஏ-எழுத்து வாலைப் பிடிக்கும் டி-வரிசை பிரைமரை (படியெடுப்பைத் தொடங்கும் சிறு டி.என்.ஏ. துண்டை) மட்டும் நம்பினால் முன்பகுதி கிடைக்காது. ஆறெழுத்துத் தற்செயல் பிரைமர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பீட்டு மரபணுவாக ஆர்பி49 (எல்லாச் செல்லிலும் இயங்கும் ரைபோசோம் புரத மரபணு) ஒன்றை மட்டும் வைப்பதில் சிக்கல் இருக்கிறது. புழு விந்தகத்துக்கும் ஈ விந்தகத்துக்கும் செல் கலவையே வேறு. ஆகவே ஆர்பி49-இன் பங்கும் மாறும். இரண்டாவது ஒப்பீட்டு மரபணு ஒன்றை வைத்து, இரண்டுக்கும் விடை ஒத்துவந்தால் மட்டும் எண்ணை எழுதுங்கள். அப்படியும், ஈயில் இரு மடங்கு கூடியது என்று வந்தால், படியெடுப்பு கூடியதா அல்லது அந்த ஆர்.என்.ஏ.வைச் சேமித்து வைத்திருக்கும் செல்கள் கூடினவா என்பதைப் பி.சி.ஆர். சொல்லாது. தகட்டில் எண்ணிய நிலை விகிதத்தை அட்டவணையில் பக்கத்திலேயே போடுங்கள்.

இதே விடையை எலிக்கும் மனிதருக்கும் அப்படியே நீட்டக்கூடாது. எலியில் மியாசிஸ் முடிந்த உருண்டை ஸ்பெர்மாடிட்டிலும் படியெடுப்பு மும்முரமாக நடக்கும். மரபணுக்களைத் திறக்கும் கிரெம் புரதம் இல்லாத எலியில் செல்கள் அந்த உருண்டை நிலையிலேயே நின்றுவிடுகின்றன என்பது 1996 முதல் தெரியும். அதே வேலை செய்யும் ஆர்.எஃப்.எக்ஸ்.2 புரதம் இல்லாவிட்டாலும் வால் நீளாது. கருவில் டி.என்.ஏ.வைச் சுற்றிவைக்கும் ஹிஸ்டோன் புரதம் போய், அதைவிட இறுக்கிக் கட்டும் புரோட்டமின் வந்து இறுகும்போதுதான் அங்கே படியெடுப்பு அடங்கும். எலிக் குட்டியில் உருண்டை ஸ்பெர்மாடிட் முதலில் தென்படுவது பிறந்து சுமார் 20-ஆம் நாள். நாள் பார்த்து விந்தகம் எடுப்பதே அங்கு நிலை பிரிக்கும் வழி.

கடைசியாகச் சேமிப்பு. இந்தக் கரையில் புயல் காலத்தில் உறைபெட்டியை நம்புவதற்கில்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபின் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை ஆர்.என்.ஏ.வைத் தண்ணீரில் கரைத்து வைக்காதீர்கள். 75 விழுக்காடு எத்தனாலில் படிவாகவே விட்டுவையுங்கள், அல்லது அன்றே தலைகீழ் படியெடுத்து சி.டி.என்.ஏ. ஆக்கிவிடுங்கள். ஈ வரிசைகளை இரண்டு வெவ்வேறு கட்டடங்களில் வையுங்கள். கல்லூரி ஆய்வக வசதியில் ஈ வரிசையை உறையவைத்துச் சேமிக்க முடியாது.